வடிவாத் தெரியேல்ல

என்னிடம் உள்ள கெட்ட குணங்களில் முதலாவது, என் படங்களை யாராவது குறை சொன்னால் தாங்க முடியாதது. சமையலைச் சொல்லட்டும், பிள்ளை வளர்ப்பைச் சொல்லட்டும், ஆபீஸில் மேனேஜர் வருடக் கடைசியில் எழுதுவதை எழுதட்டும், ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன். ஆனால் விரல் விறைக்கக் குளிரில் நின்று ஒரு வாத்தைப் படம் பிடித்து வந்து காட்டும்போது, பார்ப்பவர் முகம் மலர வேண்டும். மலராவிட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். என் கணவர் இதை அனுபவத்தில் தெரிந்துகொண்டு, கேமராவை நீட்டும் முன்பே "பிரமாதம்" என்று சொல்லிவிடுவார்.

இந்தக் குணத்தால் ஒரு குளிர்காலத்தில் மூன்று மாதம் ஒரு தோழியிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று மாதமும் அவருக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் மான்மவுத் ஜங்ஷனில் அவர் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அவர் யாழ்ப்பாணம், நான் ஈரோடு. பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காரில் காத்துக் கிடக்கும் அம்மாக்களாகத்தான் முதலில் பழகினோம். பார்க்கிங் லாட் முழுக்கக் கனடா வாத்துகள் அசிங்கம் பண்ணி வைத்திருக்கும். மற்ற அம்மாக்கள் தரையைப் பார்த்து நடக்க, இவர் மட்டும் வாத்தைப் பார்த்து நடப்பார். ஒருநாள் மிதித்தும் விட்டார். நான் டிஷ்யூ கொடுத்தேன், அப்படி ஒட்டிக்கொண்டோம். பிள்ளைகள் என்ன தமிழ் கற்றார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். இன்றுவரை நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வருகிறது.

என்னைவிட ஐந்து வயது மூத்தவர், அதனால் அக்கா. சாலைகளுக்கு வரைபடம் போடும் இன்ஜினியர், வீட்டிலிருந்தே வேலை. அவர் கணவருக்கு சான் ஹோசேயில் உத்தியோகம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து போவார். மகள் காலேஜுக்குப் போனபின் அந்த நாலு பெட்ரூம் வீட்டில் அக்கா தனியாகத்தான் இருந்தார்.

சனிக்கிழமை காலைகளில் பறவை பார்க்க ஏரிக்குப் போவோம், அதில் எங்களுக்குள் ஒரு பங்கீடு இருந்தது. கேமரா என்னுடையது, கண் அவருடையது. நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, எந்தக் கிளையில் ஆந்தை உட்கார்ந்து தூங்குகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். திசையைக் கடிகார முள்ளை வைத்துச் சொல்வது அவர் பழக்கம். முதல் தடவை "பத்து மணியில ஒண்டு நிக்குது" என்றபோது, "இப்ப மணி ஏழரைதானேக்கா ஆகுது" என்றேன். அதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் என்னைக் கிண்டல் பண்ணினார்.

கார் ஓட்டுவதும் அவர்தான். பனி விழுந்துவிட்டால் நான் சாவியைத் தொடமாட்டேன். இந்த ஊருக்கு வந்த புதிதில், ஒரு திருப்பத்தில் வண்டி வழுக்கிக்கொண்டே போய், யாரோ ஒருவர் வீட்டுத் தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டு நின்றது. அதோடு சரி. அக்கா டொரண்டோவில் பத்து வருடம் இருந்தவர். பனியில் ஓட்டுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா என்னிடம் பேசும்போது பாதிக்குப் பாதி எங்கள் பக்கத்துத் தமிழுக்கு மாறிக்கொள்வார். இந்தியத் தமிழர்களுக்கு நடுவில் இத்தனை வருடம் இருந்து வந்த பழக்கம் அது. கோபமோ பயமோ வந்தால் மட்டும் முழு யாழ்ப்பாணமும் வெளியே வந்துவிடும். இதை நான் அப்போதே கவனித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

அக்டோபரில் ஆரம்பித்தது. மரங்களின் நிழலெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக ஏரியில் விழுந்து கிடக்க, அதன் நடுவில் ஒரு நாரை நின்றது. இரண்டு மணி நேரம் ஈர மண்ணில் மண்டியிட்டு எடுத்தேன். கேமராவின் பின்பக்கத் திரையில் காட்டினேன். அக்கா கேமராவைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வடிவாத் தெரியேல்ல."

வடிவு என்றால் அழகு என்று யாருக்குத்தான் தெரியாது? அழகாகத் தெரியவில்லையாம். நான் கேமராவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு தடவை என்றால் விட்டிருப்பேன். அடுத்த வாரம் ஒரு மீன்கொத்தி, அதற்கும் அதேதான். நவம்பரில் வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பினேன், வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது: "படங்கள் வந்தது. ஆனா ஒண்டும் வடிவாத் தெரியேல்ல." அப்போதுதான், கொஞ்ச நாளாகவே அவர் டைப் பண்ணுவதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வாயாலேயே அனுப்புகிறார் என்பதும் தெரிந்தது. சோம்பேறித்தனம் முற்றிவிட்டது என்று என் கணவரிடம் சொன்னேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, "இண்டைக்கு நான் வரேல்ல, எனக்குக் கொஞ்சம் வருத்தம்" என்று இன்னொரு வாய்ஸ் மெசேஜ். நான் முகம் கொடுத்துப் பேசாததில் மனம் வருந்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் வருந்தட்டும் என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்கப் பனி பெய்தது. சனிக்கிழமை விடிந்தபோது தெருவே தெரியவில்லை. இப்படிப்பட்ட காலைகளில் எங்கள் ஏரி முக்கால்வாசி உறைந்துவிடும். ஒரு மூலையில் சின்னத் தடுப்புச் சுவர் ஒன்றின் மேல் தண்ணீர் வழிந்து ஓடும், அங்கே மட்டும் உறையாது. ஏரியில் உள்ள பறவையெல்லாம் அந்த ஒரு மூலைக்கு வந்து சேரும். எனக்குக் கொண்டைக்காரன் வேண்டும். அது நாங்கள் வைத்த பெயர், ஆங்கிலத்தில் ஹூடட் மெர்கன்சர். ஆண் வாத்துக்குத் தலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கொண்டை, மடக்கியிருந்தால் ஒரு கோடு மாதிரி இருக்கும், விரித்தால் தலையே இரண்டு மடங்காகிவிடும். மூன்று குளிர்காலமாக அதை விரித்த நிலையில் எடுக்க அலைந்துகொண்டிருந்தேன். அதனால் ரோஷத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். உடனே வருகிறேன் என்றார்.

கால் மணி நேரம் தாமதமாக வந்தார். ஏறி உட்கார்ந்ததும் "குட் மார்னிங்க்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து ஓட்டினார். ஒரு ஸ்டாப் போர்டில் நிற்காமல் பாதி தாண்டிவிட்டு நின்றார். போர்டில் பனி அப்பியிருக்கிறது, அதனால்தான் என்று நினைத்தேன். ஏரியின் பார்க்கிங்கில் திரும்பும்போது முன் சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியது. அதற்கும் பனிதான் காரணம் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

ஏரிக்கரையில் எங்கள் இருவரைத் தவிர ஆள் இல்லை. சூரியன் அப்போதுதான் மரங்களுக்கு மேலே வந்திருந்தது, பனி கண்ணைப் பறித்தது. தடுப்புச் சுவர்ப் பக்கம் நாற்பது ஐம்பது வாத்துகள் சளசளத்துக்கொண்டிருந்தன. கேமராவின் உதிரி பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன், குளிர் பட்டால் செத்துப் போகும்.

அக்கா கையை நீட்டினார். "ரெண்டு மணியில பாருங்கோ, வெள்ளையா ஒரு கொக்கு."

பார்த்தேன். நாணலுக்கு நடுவே ஒரு மரக்கட்டை, அதன் தலையில் பனி.

"அது மரக்கட்டைக்கா," என்றேன். சந்தோஷமாகவே சொன்னேன். இரண்டு வருடம் நான் கேட்ட கிண்டலுக்கு அன்றைக்குத்தான் திருப்பிக் கொடுக்கிறேன் என்று இருந்தது. அவர் சிரிக்கவில்லை. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் கொண்டைக்காரன் வந்துவிட்டான். வாத்துக் கூட்டத்திலிருந்து பிரிந்து எங்களை நோக்கி நீந்தி வந்து, பனிக்கட்டி விளிம்புக்கு இந்தப் பக்கம் நின்று, தலையைப் பின்னுக்குத் தள்ளி, கொண்டையை முழுசாக விரித்தான். பனியை அப்படியே எடுத்தால் படத்தில் சாம்பலாகத் தெரியும் என்று கேமராவில் வெளிச்ச அளவை ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைத்திருந்தேன். குறைக்க நேரமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கிய விரலை எடுக்கவே இல்லை. அவன் கொண்டையை மடக்கித் திரும்பும்போது முப்பது படம் விழுந்திருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. கோபமெல்லாம் மறந்து போய், "அக்கா பாருங்கக்கா, கெடச்சுட்டான்" என்று கேமராவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

அக்கா கையுறையைக் கழற்றினார். திரையைக் கிட்டே கொண்டுபோனார், வெயில் படாமல் கையால் மறைத்தார், ஒரு கண்ணை மூடினார், மறு கண்ணை மூடினார்.

"வடிவாத் தெரியேல்ல," என்றார்.

நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். "அப்ப நீங்களே எடுங்கக்கா. மூணு மாசமா பாக்கறேன், எதக் காட்டினாலும் வடிவா தெரியல, வடிவா தெரியல. ஒரு படம்கூடவா அழகா இல்ல? அப்படி என்ன மட்டமா எடுக்கறேன் நான்?"

அக்கா என்னைத் திகைத்துப் போய்ப் பார்த்தார். என்னைப் பார்த்தார் என்று எழுதுகிறேன், என் முகத்துக்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்தார் என்பதுதான் சரி.

"நான் உங்கட படத்தைச் சொல்லேல்லையே," என்றார். "எனக்குத்தான் வடிவாத் தெரியேல்ல. கண்ணைச் சொல்லுறன்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அவர் தொடர்ந்தார். "ஒக்டோபரில இருந்து இப்பிடித்தான். வலது கண்ணில கறுப்புக் கறுப்பா ஓடுது. நடுவில ஒண்டும் தெரியுதில்ல. உங்களுக்குத்தானே சொன்னனான். எத்தினை தரம் சொன்னனான்."

எங்கள் ஊரில் வடிவு என்றால் அழகு, அவ்வளவுதான். அவர்கள் ஊரில் அழகும் உண்டு, அதற்கு மேலும் உண்டு. வடிவாகக் கேள் என்றால் கவனமாகக் கேள். வடிவாகச் சாப்பிடு என்றால் நன்றாகச் சாப்பிடு. வடிவாகத் தெரியவில்லை என்றால் தெளிவாகத் தெரியவில்லை. இத்தனையும் பிறகு தெரிந்துகொண்டது. அந்த டிசம்பர் வருத்தம்கூட மனவருத்தம் இல்லை. அங்கே உடம்பு சரியில்லை என்றாலும் வருத்தம்தான்.

"வீட்ல சொன்னீங்களாக்கா? அண்ணாகிட்ட, பொண்ணுகிட்ட?"

"இல்ல. அவையள் பயந்துபோவினம். உங்களுக்கு மட்டுந்தான் சொன்னன்." தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்கள் ஒண்டும் பேசேல்ல. பெரிய விசயமா இருந்தா நீங்கள் சும்மா விட்டிருக்க மாட்டீங்கள், சண்டை பிடிச்செண்டாலும் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போயிருப்பீங்கள். அப்ப வயசுக்கு இப்பிடித்தானாக்கும் எண்டு நானும் விட்டிட்டன்."

என் பேசாமை அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. அதைக் கேட்டபோது வந்த வெட்கத்தை எந்த வார்த்தையில் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பனியில் நின்று அழுதேன். அழுதுகொண்டே சத்தமும் போட்டேன், என் குணம் எங்கே போகும்? "இந்தக் கண்ண வெச்சுக்கிட்டா என்னய உக்கார வெச்சு டிரைவ் பண்ணிட்டு வந்தீங்க? சுகர் இருக்கே, கண் டெஸ்ட்டுக்குப் போனீங்களா இல்லயா?"

"போகேல்ல. அம்மாவுக்கும் சீனி வருத்தம்தான். கடைசியில ரெண்டு கண்ணும் தெரியாமப் போச்சு. டொக்டர் வாயால சொல்லிப்போட்டா அது உண்மையாப் போயிடும் எண்டு பயம்." குரல் இறங்கிவிட்டது. "கார் ஓட்டாம இந்த ஊரில என்னெண்டு இருக்கிறது? ஆர் வந்து கூட்டிக்கொண்டு போவினம்?"

"நான் வருவேன்," என்றேன். "சாவியக் குடுங்க."

"நீங்கள் ஸ்னோவில ஓட்ட மாட்டீங்களே."

"குடுங்கக்கா."

ஏரியிலிருந்து எங்கள் வீடு பதினைந்து நிமிடம். அன்றைக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. எனக்குக் கண் தெரியும், பனி தெரியாது. அவருக்குப் பனி தெரியும், கண் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டிரைவர் ஆனோம். "முன்னால என்ன நிறம்?" என்று கேட்பார். சிவப்பு என்பேன். "தூரத்திலேயே காலை எடுங்கோ. பிரேக்கை ஒரேயடியா அமத்தாதேங்கோ, மெல்ல மெல்ல." ஒரு திருப்பத்தில் வண்டி பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனது, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "போற பக்கத்துக்கே ஸ்டியரிங்கைத் திருப்புங்கோ, பயப்பிடாதேங்கோ" என்று அவர் சொன்னபடி செய்தேன், வண்டி ஒழுங்குக்கு வந்தது. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே கண் டாக்டரின் அவசர நம்பருக்குப் போன் பண்ண வைத்தேன். திங்கள் பார்க்கலாம் என்று அவர் இழுத்தார், நான் விடவில்லை. அடுத்த போன் சான் ஹோசேக்கு. அதில் அவர் பேசியதை நான் கேட்கவில்லை, இறங்கிப் போய் நடைபாதைப் பனியை அள்ளிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே டாக்டர் வரச் சொன்னார். நான்தான் ஓட்டினேன். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, வலது கண்ணில் போன பார்வையில் பெரும்பகுதி திரும்பாது, இடது கண் இப்போதுதான் கெட ஆரம்பித்திருக்கிறது, மாதாமாதம் ஊசி போட்டால் காப்பாற்ற முயற்சி பண்ணலாம் என்றார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். அக்கா "அக்டோபர்" என்றார். அப்போதே ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அந்த டாக்டர் அன்பாகத்தான் கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொன்னேன், ஒருத்தி காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அக்கா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பயம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, கையைத் துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், "என்னாலதான்க்கா, மூணு மாசம் போச்சு" என்றேன். "ஓம், உங்களாலயுந்தான்," என்றார் அக்கா. "என்னாலயுந்தான். இப்ப ஊசிக்கு ஆர் கூட்டிக்கொண்டு வாறது எண்டு சொல்லுங்கோ." அவர் என்னைச் சும்மா மன்னித்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது. பாதிப் பழியை என் தலையில் போட்டது எவ்வளவோ நிம்மதியாக இருந்தது.

நாலு ஊசிக்கு நாலு முறை ஓட்டினேன், அதில் இரண்டு முறை பனி. ஊசி என்றால் கண்ணுக்குள்ளேயே போடுகிற ஊசி. ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லுங்கோ, என்ன நிக்குது?" என்பார். வழியில் தெரியும் பறவையை எல்லாம் நான் சொல்லிக்கொண்டே வருவேன். பதினோரு மணியில் ஒரு பருந்து, மூன்று மணியில் உங்கள் கனடா வாத்து என்று. தப்பாகவும் சொல்வேன், அவருக்குத் தெரியவா போகிறது என்ற தைரியம்தான்.

மே மாதம் என் பிரிண்டரில் வராத அளவுக்குப் பெரிதாக, கொண்டைக்காரன் படத்தைக் கடையில் கொடுத்து மூன்றடிக்குப் போட்டு வாங்கினேன். சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு ஹாலில் சுவரோரம் சாய்த்து வைத்தேன். நான் எடுத்ததிலேயே அதுதான் சிறந்த படம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

அக்கா படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். மூக்கு படத்தின் கண்ணாடியில் படுகிற அளவுக்குக் கிட்டே போய், ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தார். தண்ணீரைப் பார்த்தார். பனிக்கட்டி விளிம்பைப் பார்த்தார். வாத்தின் மஞ்சள் கண்ணில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கொண்டைக்குப் போனார். அங்கேயே இருந்தார். சமையலறையில் அவர் வைத்த பால் பொங்கிவிடப் போகிறதே என்று எனக்குக் கவலை, ஆனாலும் நான் அசையவில்லை.

"கொண்டை வடிவில்லை," என்றார் கடைசியில்.

"என்னக்கா?"

"வெளிச்சம் கூடிப்போச்சு. வெள்ளை எல்லாம் எரிஞ்சு ஒரே பூச்சா வந்திட்டுது. இறகு ஒண்டொண்டாத் தெரிஞ்சிருக்க வேணும். இஞ்ச பாருங்கோ, இந்த இடத்தில மட்டுந்தான் நாலு கோடு தெரியுது." விரலை வைத்துக் காட்டினார்.

குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. முப்பது படத்திலும் வெள்ளை எரிந்து போயிருந்தது, நாலு மாதமாக நான் அதைப் பார்க்கவே இல்லை. அந்த நாலு கோடும் தலைமுடியைவிட மெல்லியவை. நான் எண்ணிப் பார்த்தேன், நாலுதான். என் படத்தை ஒருவர் இவ்வளவு மட்டமாகச் சொல்லி நான் அழுதது அன்றைக்குத்தான். அக்கா பயந்துபோய், இல்லை இல்லை, மற்றதெல்லாம் நல்ல வடிவு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.